கொஞ்சம் லவுட்

4 மார்ச் 1996, திங்கள்
திரைச்சீலைக் கடையில் என்னை முன் கவுண்டரில் விட்டிருக்கிறார்கள். மாத முடிவில்தான் நிரந்தரமா என்று சொல்வார்கள். இன்று மனேஜர் ஜூடித் சிரித்துக்கொண்டே, "ரதி, கவுண்டருக்கு நீ கொஞ்சம் லவுட்" என்றாள். லவுட் என்றால் சத்தம். அவ்வளவு இங்கிலிஷ் எனக்குத் தெரியும். என் குரல் பெரிதுதான். நாளையிலிருந்து அடக்கிக் கதைப்போம்.

6 மார்ச்
நேற்றும் இன்றும் குசுகுசுத்தேன். ஒரு கிழவர் காதை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்துவிட்டார். ஜூடித் தொண்டை நோவா என்று கேட்டு மாத்திரை தந்தாள்.

7 மார்ச், வியாழன்
பின்னேர இங்கிலிஷ் வகுப்பு. என்னைத் தவிர எல்லோரும் சீனர்கள். ரீச்சர் இன்று கண்ணைக் குத்தும் நிறங்களுக்கும் ரசனை கெட்ட உடுப்புக்கும் உள்ள சொற்களை எழுதிப் போட்டார். முதல் சொல்லே லவுட்! நிறத்துக்கும் அப்படிச் சொல்வார்களாம்.

பக்கத்தில் இருந்த மெய் என்ற சீனப் பெண் என் மஞ்சள் சேலையையும் ரோஸ் பிளவுஸையும் தொட்டு, "யூ லவுட்" என்றாள். தன் சிவப்பு ஜாக்கெட்டை இழுத்துக் காட்டி, "மீ, மோர் லவுட்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூடித் சொன்னது என் குரலை இல்லை, சேலையை. அதுக்குப் போய் ரெண்டு நாளாத் தொண்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டேனே – சீ!

அடுத்த சொல் gaudy. எனக்கு 'கோடி' என்று காதில் விழுந்தது. எங்களுக்குக் கோடி என்றால் புதுத்துணி, வருசப்பிறப்புக்கு உடுத்துவது. இவர்களுக்கு அது ஏச்சாம். மெய்யின் பாஷையில் இதற்குள்ள சொல்லுக்குச் சாதாரண சனம் என்றும் பொருள் உண்டாம். அப்படியென்றால் யாரை ஏசுகிறார்கள்? எங்களைத்தானே?

8 மார்ச்
இவரிடம் சொன்னேன். "வேலை முக்கியமப்பா. சாம்பல் நிறத்தில ஒண்டு வாங்கி உடுத்துக்கொண்டு போமன்."

"சாம்பல் நெத்தியில பூசினாக் காணும்" என்றேன்.

சிரித்தார். பிறகு, ஒரு சம்பளத்தில் வீட்டு மோர்கேஜ் கட்ட ஏலாது என்றார். உண்மைதான். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

11 மார்ச், திங்கள்
கிளிப்பச்சைச் சேலை, அரக்குக் கரை. ஜூடித்தின் முகம் போன போக்கு! என் முழுக் குரலிலும் குட் மோர்னிங் சொன்னேன். "லவுட் எண்டது சேலையை எண்டு இப்பதான் விளங்கினது, ஜூடித். இரண்டையும் குறைக்கமாட்டன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொல்லியும் விட்டேன். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

13 மார்ச்
முகம் கொடுத்துக் கதைக்கிறாள் இல்லை.

29 மார்ச், வெள்ளி
ஜூடித் கூப்பிட்டாள். வாடிக்கையாளர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதாம். வேலை எனக்குத்தானாம். ஒரு சாம்பல் நிற மேலங்கியை நீட்டினாள். கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடும்.

"எல்லாருக்குமா?" என்று கேட்டேன்.

"உனக்கு மட்டும்."

எல்லாருக்கும் என்றிருந்தால் போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். அதைக் கொளுவியில் மாட்டிவிட்டு என் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். வீடு இருக்கும் ரானுயி வரும்வரை பஸ்ஸில் மோர்கேஜ் கணக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். பயம்தான். வெட்கம் இல்லை.

2 ஏப்ரல்
இவர் ஏசவில்லை. ஏசினால் நல்லது.

15 ஏப்ரல், திங்கள்
மெய்யின் சித்தி மவுண்ட் ரோஸ்கில்லில் துணிக்கடை வைத்திருக்கிறா. மெய் சொல்லி, இன்று அங்கே வேலை தொடங்கினேன். இரண்டு பஸ் மாற வேண்டும், சம்பளமும் குறைவு. அதே கிளிப்பச்சையில்தான் போனேன். மாற்றிக்கொண்டு போ என்று மனம் ஒரு தரம் சொன்னது, கேட்கவில்லை.

சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தா. கரையைப் பிடித்துப் பார்த்தா. சீன பாஷையில் மெய்யிடம் ஏதோ சொன்னா. இங்கேயுமா?

"என்னவாம்?" என்று மெய்யைக் கேட்டேன்.

"கொஞ்சம் டல்லாம்."

நாளைக்கு என் கல்யாணக் கூறைச்சேலை.