கண்ணில் விழுந்த சொல்

1944

பிப்ரவரி 6, ஞாயிறு. மஞ்சக்குப்பம், கடலூர்

விடிவதற்குள் தில்லையம்மாளை மைதானத்துக்கு அழைத்துப் போய் சைக்கிளில் ஏற்றிவிட்டேன். கல்யாணமாகி எட்டு மாதம். எட்டு மாதமும் இதே நச்சரிப்பு. "நீங்க மட்டும் ஜோராப் போறீங்க, நான் எப்பவும் பின்னால குந்தியே வரணுமா மாமா?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாதி மைதானத்தில் கை நழுவிவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை, பேசிக்கொண்டே போகிறாள். "மாமா, புடிச்சிருக்கீங்க இல்ல?" நான் இருபது கஜம் பின்னால் நின்று, "புடிச்சிருக்கேன், போ" என்று கத்தினேன். குரல் தூரத்திலிருந்து வருகிறதே என்று உறைத்ததும் விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. வீடு வரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே நொண்டினாள். கலெக்டர் ஆபீஸ் காவல்காரன் பார்த்துவிட்டான். நாளைக்கு எங்கள் செக்‌ஷனில் எல்லாக் குமாஸ்தாக்களுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

பிப்ரவரி 20, ஞாயிறு

முழு மைதானத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மார்ச் 12, ஞாயிறு. சிதம்பரம்

மாமனார் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளங்கால் எரிகிறது. பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் தில்லைக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்க இறங்கினேன். கூடைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்ததில் வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலில் அவள் முகம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கையில் ஆறு பிஞ்சு. அடுத்த வண்டி சாயங்காலம் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். நடந்தேன். வெள்ளாற்று ரயில் பாலத்தில் ஒவ்வொரு கட்டையாகக் கால் வைத்து, கீழே தண்ணீரைப் பார்க்காமல்.

அடுத்த ஸ்டேஷனான கிள்ளையில் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். சிதம்பரம் போயிருக்கலாம், இறங்கிவிட்டாள். பயந்துபோய் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். "தண்டவாளத்து மேலதான் வருவீங்கன்னு தெரியும். வெள்ளரிக்கா எங்க?" என்று கேட்டாள்.

மாமனார் சுப்பராயலு புவனகிரிக்காரர், இங்கே மேலவீதியில் வெற்றிலைக் கடை வைத்திருக்கிறார். கதையைக் கேட்டுக் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

ஜூலை 9, ஞாயிறு. மஞ்சக்குப்பம்

தில்லைக்கு மூன்று நாளாக ஜுரம். கஞ்சிகூட இறங்கவில்லை.

ஜூலை 15

டைபாய்டு என்கிறார் டாக்டர்.

ஜூலை 24, திங்கள்

இத்தனை நாளாக எழுதவில்லை. என்னை யார் என்று தெரியவில்லை அவளுக்கு. தண்ணீரில் எதையோ தேடுகிறவள் போலப் போர்வையைத் துழாவுகிறாள். மாமனார் வந்து தங்கியிருக்கிறார். அடுத்த வீட்டு ஆரோக்கியம்மாள் வேளை பார்க்காமல் வந்து நெற்றியில் ஈரத்துணி போடுகிறாள்.

நான் கோயிலுக்குப் போகிறவனல்ல. இன்று பாடலீஸ்வரர் சன்னதியில் நின்று, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இவளை விட்டுவிடு என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 3

ஜுரம் விட்டது. இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

ஆகஸ்ட் 4

"ஏன் மாமா எல்லாரும் ரகசியமாவே பேசறீங்க?" என்று கேட்கிறாள்.

ஆகஸ்ட் 5

அவளுக்குப் பின்னால் நின்று பித்தளைச் சொம்பைத் தரையில் போட்டேன். திரும்பவில்லை. மறுபடி போட்டேன்.

செப்டம்பர் 2, சனி

டாக்டர் கையை விரித்துவிட்டார். ஜுரம் காது நரம்பைத் தின்றுவிட்டதாம், இனி வராதாம். வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "பரவால்ல மாமா, உசிரு இருக்கு" என்று எனக்குத் தேறுதல் சொன்னாள், தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரத்த குரலில். தன் குரல் தனக்கே கேட்கவில்லை அவளுக்கு.

அக்டோபர் 8, ஞாயிறு

பலகையும் பல்பமும் வாங்கினேன். அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவள், எழுத்துக்கூட்டாமலே வாசிக்கிறாள். முதல் நாள் பலகை நிறைய எழுதினேன், அழித்து அழித்து. ஆபீஸ் வம்பு, அரிசி ரேஷன், பாலத்தின்மேல் எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பதுகூட. விழுந்து விழுந்து சிரித்தாள்.

நவம்பர் 19, ஞாயிறு

கெடிலம் பாலத்தருகே பின்னால் வந்த ஜட்கா வண்டி அவளுக்குத் தெரியவில்லை. நான் கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? குதிரை தானாக விலகியது. வண்டிக்காரன், "செவிட்டுப் பொண்டாட்டிய ரோட்டுல ஏன்யா வுடற?" என்றான். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வேகமாகத்தான் இழுத்திருக்கிறேன். மணிக்கட்டில் விரல் தடம் இருந்தது. அவளுக்கு வண்டிக்காரன் சொன்னது தெரியாது. என் கோபம் மட்டும் தெரிந்தது.

டிசம்பர் 10, ஞாயிறு

ஹெட் கிளார்க் வீட்டு வளைகாப்பு. பெண்கள் கூடத்திலிருந்து தில்லையின் குரல் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்த இடம்வரை வந்தது. "எங்களுக்கு இன்னும் ஒண்ணும் இல்லீங்க." எல்லோரும் காபி டம்ளரைப் பார்த்தார்கள். நானும்.

இனி இதற்கெல்லாம் அவளை அழைத்துப் போக வேண்டாம்.

1945

பிப்ரவரி 18, ஞாயிறு

பலகையில் நான் எழுதுவது குறைந்துவிட்டது. 'சோறு போடு.' 'வர நேரமாகும்.' சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேராக வராமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஆரோக்கியம்மாள் இன்று கிணற்றடியில் ஏதோ சொன்னாள், தில்லை சரியான இடத்தில் சிரித்தாள். தற்செயலாக இருக்கும்.

மார்ச் 25, ஞாயிறு

தில்லை இப்போதெல்லாம் நான் பேசும்போது என் வாயையே உற்றுப் பார்க்கிறாள். சங்கடமாக இருக்கிறது. திரும்பிக்கொள்கிறேன்.

மே 20, ஞாயிறு

ரத்தினம்மாள் அக்கா பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தோடு வந்தாள். வழக்கமான பேச்சுதான். நானும் ஏதோ சொன்னேன். சாப்பிட்டுவிட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மே 21, திங்கள்

தில்லை போய்விட்டாள்.

ஆபீசிலிருந்து வந்தால் கதவு பூட்டியிருக்கிறது, சாவி ஆரோக்கியம்மாளிடம். தில்லை எனக்குச் சோறு வடித்து மூடி வைத்திருக்கிறாள். காலை வண்டிக்கே சிதம்பரம் போயிருக்கிறாள், தனியாக.

ஆரோக்கியம்மாள் சாவியை உடனே கொடுக்கவில்லை. "என்னா தம்பி சொன்னீங்க நேத்து?"

"யார்கிட்ட?"

"ஒங்க அக்காகிட்ட. அந்தப் பொண்ணுக்கு உதட்டப் பாத்தாப் பேச்சு தெரியும். தை மாசத்துலேருந்து எங்கிட்ட கத்துக்கிட்டா. நான் சத்தமில்லாம வாய மட்டும் அசைப்பேன், அது சொல்லும். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா. நல்லா வந்தப்புறம் ஒரு நாளு பலகயத் தூக்கிப் போட்டுட்டு ஒங்க எதுர்ல குந்திப் பேசணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

அவள் சாவியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். என் கையில் தரவில்லை.

மே 23, புதன்

எழுதித்தான் ஆகவேண்டும். இந்த நோட்டிலேயே பொய் எழுதினால் வேறு எங்கே நிஜம் எழுதுவது?

அக்காவும் நானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தடி தூரத்தில் எங்களைப் பார்த்தபடி தில்லை, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரிலேயே அவளைப் பற்றிப் பேசினோம். பல மாதங்களாக அப்படித்தான் பழகியிருந்தோம்.

அக்கா சொன்னாள், "எங்க வூட்டுக்காரரு தங்கச்சி பொண்ணு இருக்குது, பதினாறு வயசு. இவளத் தள்ளி வைக்கச் சொல்லல. இவளும் ஒரு மூலையில இருந்துட்டுப் போறா. நீ எத்தினி நாளுடா இப்படி ஊமப் படம் பாப்ப?"

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். வாயில் வந்தது வேறு.

"அந்த ஜுரத்துலயே போயிருந்தா அவளும் கஷ்டப்பட்டிருக்க மாட்டா, நானும் தப்பிச்சிருப்பேன்."

இதுதான். இதைத்தான் சொன்னேன்.

தில்லை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கிண்ணத்தில் சுளை எடுத்துக்கொண்டு ஆரோக்கியம்மாள் வீட்டுக்குப் போனாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. நான் பழம் தின்றேன்.

மே 27, ஞாயிறு. சிதம்பரம்

மாமனார் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெற்றிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "உள்ளதான் இருக்குது மாப்ளே" என்றார்.

தில்லை முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். "தில்லை" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். கதவைச் சாத்தியிருந்தால் தட்டியிருப்பேன். மூடிய கண்ணை என்ன செய்ய? தொட்டேன், கையை எடுத்துவிட்டாள். கொண்டுபோயிருந்த பலகையில் 'தப்பு செய்துவிட்டேன்' என்று எழுதி மடியில் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே விரலால் அழித்தாள்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு முறம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஜூன் 10, ஞாயிறு

போனேன். அதே.

ஜூன் 24, ஞாயிறு

போனேன். மாமனார் ரயிலடி வரைக்கும் கூட வந்தார். "ஜுரத்துல என் கையப் புடிச்சிக்கிட்டு, 'சாவப்போறேனாப்பா, அவுங்க தனியா என்னா பண்ணுவாங்க'ன்னு கேட்டுது மாப்ளே, ஒரே ஒரு தடவ அறிவு வந்தப்போ. நான் ஒங்ககிட்ட சொல்லல அத" என்றார். வண்டி ஏறிய பிறகுதான் அது முழுவதுமாக உள்ளே இறங்கியது. ஆலப்பாக்கம் வரை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 1

அக்காவிடமிருந்து கார்டு. பெண்ணின் ஜாதகம் அனுப்பட்டுமா என்று. வேண்டாம், இனி எழுத வேண்டாம் என்று பதில் போட்டேன். மே மாதமே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

ஜூலை 15, ஞாயிறு. சிதம்பரம்

இன்று அவளாகப் பேசினாள்.

இப்போது அவள் குரல் மிகவும் மெல்லியதாகிவிட்டது. யார் சொன்னார்களோ, எவ்வளவு உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள் என்று. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குச் சொன்னீங்களே. மனசாரச் சொன்னீங்களா?"

கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல்முறை.

வழியெல்லாம் நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அக்கா வாயை அடைக்கச் சொன்னேன், மனசில் ஒன்றும் இல்லை என்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கண் என் உதட்டின்மேல் நின்றது, எழுத்து எழுத்தாகப் படிக்கத் தயாராக. என்னால் சொல்ல முடியவில்லை.

"ஆமாம். அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "பொய் சொல்லியிருந்தாலும் தெரிஞ்சிருக்கும் மாமா" என்றாள். "எனக்கும் அப்படித் தோணியிருக்குது. நான் போயிருந்தா நீங்க நல்லா இருப்பீங்கன்னு எத்தினியோ நாளு நெனச்சிருக்கேன். ஆனா அது நான் நெனக்கறது. நீங்க சொல்லக் கூடாது."

கடலூருக்கு வா என்று கேட்டேன்.

"வரல. நீங்க வாயத் தொறந்தா அந்த வார்த்ததான் தெரியுது. வேற என்னா சொன்னாலும் அதுதான் தெரியுது. நான் என்னா செய்ய?"

அழவில்லை அவள். நான்தான் அழுதேன், மாமனார் வீட்டு முற்றத்தில், பட்டப்பகலில்.

ஆகஸ்ட் 16, வியாழன். மஞ்சக்குப்பம்

யுத்தம் முடிந்துவிட்டதாம். மைதானத்தில் வெடி போட்டார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 9, செவ்வாய்

சிதம்பரம் தாலுக்கா ஆபீசுக்கு மாற்றல் கேட்டு மனு கொடுத்தேன். "எல்லாரும் தாலுக்காவுலேருந்து இங்க வரத்தான் கேப்பாங்க, நீ என்னய்யா தலகீழாக் கேக்கற?" என்றார் ஹெட் கிளார்க். அவள் கூப்பிடவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? கூப்பிடாத இடத்துக்குத்தான் போகிறேன்.

டிசம்பர் 2, ஞாயிறு

மூட்டை கட்டினேன். ஆரோக்கியம்மாள் வந்து பாத்திரங்களுக்கு வைக்கோல் சுற்றித் தந்தாள். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் என் முகம் பார்த்துப் பேசினாள். "அவசரப்படுத்தாதீங்க தம்பி" என்றாள்.

டிசம்பர் 16, ஞாயிறு. சிதம்பரம்

கீழவீதியில் ஒற்றை அறை. சாப்பாடு தெருமுனைக் காபி கிளப்பில். தினமும் ஆபீஸ் விட்டு மேலவீதி வழியாகப் போகிறேன். தில்லை இப்போது அப்பாவோடு கடையில் உட்காருகிறாள். வருகிறவர்கள் அவளுக்கு நேராக நின்று வாயைத் திறந்து கேட்கிறார்கள், அவள் சரியாக எடுத்துத் தருகிறாள். நான் எதிர்ச்சாரியில் ஐந்து நிமிஷம் நிற்பேன். பார்ப்பாள். கண்ணை மூடுவதில்லை. கூப்பிடுவதும் இல்லை.

1946

ஜனவரி 11, வெள்ளி

மாமனார் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் புவனகிரி போயிருந்தார். கடையில் தில்லை மட்டும். தெருவைத் தாண்டிப் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல், கால் கவுளி வெற்றிலை கேட்டேன். நான் வெற்றிலை போடுகிறவனல்ல என்பது அவளுக்குத் தெரியும். எண்ணி வாழைப்பட்டையில் கட்டிக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நின்றேன். என்ன பேசினேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. கிளப்பில் ரசம் புளிக்கிறது, அறைக்கு மேலே குரங்கு ஓட்டைப் பிரித்துவிட்டது, தாசில்தார் என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்கிறார் என்று, எட்டு மாதமாக யாரிடமும் பேசாததற்கெல்லாம் சேர்த்து மூச்சு விடாமல் கொட்டினேன்.

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி நிறுத்தினாள். அவ்வளவுதான், போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மெதுவாச் சொல்லுங்க மாமா. பாதிதான் தெரியுது."

ரசத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மெதுவாக.