மாத்திரை போடாத காலை

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துவைத்த துணி காயவில்லை.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு: பழைய ஸ்கேன் படங்கள், மாத்திரை டப்பா, மாற்று வேட்டி, பிளாஸ்க், எச்சில் துடைக்கத் துண்டு, பிஸ்கட். இவருடைய மூக்குக் கண்ணாடி (போன தடவை மறந்தது).

இவருக்கு நடுக்குவாதம் வந்து பல வருஷம். மாத்திரை வேலை செய்யும்போது தெருமுனை வரை போய்ப் பால் வாங்கி வருகிற மனிதர்தான். அதன் வேகம் இறங்கிவிட்டால் கட்டிலில் ஒருக்களிக்கக்கூட நான் வேண்டும். விடிகாலையில் எப்போதும் அப்படித்தான். முதல் மாத்திரை உள்ளே போய் வேலையைத் தொடங்கும்வரை கட்டை.

மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் ஆபரேஷன் பற்றிப் பேச்சு. பழைய வகையில் மின்சாரம் ஒரே அளவாக ஓடுமாம். இந்த ஆஸ்பத்திரியில் இப்போது ஆராய்ச்சியில் இருப்பது வேறு. மூளையில் ஓடும் அலையைக் கம்பியே கேட்கும். வேண்டும்போது கருவி மின்சாரத்தைக் கூட்டும், வேண்டாதபோது குறைக்கும். சின்ன டாக்டர் படம் போட்டு விளக்கினாள். ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறவள் அவள்தான், எங்கள் மகள் வயது. எனக்குப் பாதி புரிந்தது. ஃபேக்டரியில் இன்ஜின் ஷாப்பிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவருக்கு முழுதும் புரிந்தது.

"கவர்னர்தான் சரோ. ஸ்பீடு குறைஞ்சா இன்ஜின் தானே டீசல் கூட்டிக்கும் பாரு, அது."

முகத்தில் அசைவு இல்லை. நோய் அதை முதலிலேயே எடுத்துக்கொண்டது. குரலில் சந்தோஷம் தெரிந்தது.

சேர்ப்பதற்கு முன் ஒரு பரிசோதனை. இன்று இரவோடு மாத்திரையை நிறுத்தி, காலையில் அப்படியே கூட்டி வர வேண்டும். மாத்திரை இல்லாமல் எழுப்பி, நடத்தி, விரலைத் தட்டச் சொல்லி மார்க் போடுவார்கள். பிறகு மாத்திரை கொடுத்து மறுபடியும் அதே. இரண்டையும் வீடியோ எடுப்பார்கள். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தால்தான் ஆபரேஷனால் பலன்.

சாயங்காலமே ஷேவ் செய்துகொண்டார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத் தரச் சொன்னார். கேட்டால், "நாளைக்கு இன்ஸ்பெக்ஷன்ல" என்கிறார்.

ஜூலை 22, செவ்வாய்

ஆட்டோக்கார டில்லி சொன்ன நேரத்துக்கு வந்தான். டில்லிக்கு அயனம்பாக்கம்தான் பூர்வீகம். அவன் அப்பா நெல் போட்ட இடத்தில்தான் இப்போது எங்கள் தெரு. இவரை இரண்டு பேருமாகத் தூக்கி உட்கார வைத்தோம். வானகரத்தில் வண்டிகள் நகரவில்லை. நான் மட்டும் இறங்கி மருந்துக்கடையில் மாஸ்க் வாங்கி வந்தேன்.

ஆச்சரியம். பரிசோதனை அறைக்குள் இவர் தானாக எழுந்தார். விரலைத் தட்டினார். மெதுவாகத்தான், ஆனால் தட்டினார். நடந்து போய்த் திரும்பி வந்தார். வீட்டில் அந்த நேரத்துக்குப் போர்வையை விலக்கக்கூட முடியாதவர். டாக்டரைப் பார்த்தால் பல்வலி போய்விடும் என்பார்களே, அது போல என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் வருத்தம்கூட. எனக்கு மட்டும்தான் அந்தக் கட்டை.

"நேத்து ராத்திரியிலிருந்து மாத்திரை எதுவும் போடலையே ஆன்ட்டி?" சின்ன டாக்டர்.

"இல்லம்மா" என்று நான்தான் சொன்னேன்.

திரும்பும்போது சாம்பார் பொடி வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 24, வியாழன்

கூப்பிட்டார்கள். இவரை வெளியில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினாள்.

"மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் வித்தியாசம் ரொம்பக் கம்மியா இருக்கு ஆன்ட்டி. மாத்திரை நல்லா கேக்கலைன்னா ஆபரேஷனும் கேக்காது."

அதோடு விடவில்லை. இது சாதாரண நடுக்குவாதமாக இல்லாமலும் இருக்கலாமாம். அதே ஜாடையில் வேறு நோய்கள் உண்டு. அவை வேகமாகப் போகும், மருந்துக்கு மசியாது. நிச்சயம் இல்லை, இன்னொரு ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள். ஆராய்ச்சியில் இவர் பெயரை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வேகமாக என்றால் எவ்வளவு என்று கேட்கவில்லை. வாய் வரை வந்தது.

ஆட்டோவில் இவர் கேட்டார். "பாஸா?"

"இன்னும் சொல்லல" என்றேன்.

பயமாக இருக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியுமுன்பே ஆரம்பித்துவிட்டது. மகள் போனில். நான் நேற்று சொன்னதை இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள் போல, குரலே சரியில்லை. "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா." நான் ஏன் சொல்லப் போகிறேன்?

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஒரு கட்டுக் கீரையில் பாதி பழுப்பு.

இவர் மாத்திரை வேகத்தில் நன்றாக இருந்தார். பால்கனி கொடியை இழுத்துக் கட்டினார். மருந்துக்கு மசியாத நோய்க்காரர் கொடி கட்டுவாரா? மருந்தில்லாத காலையையும் இந்தச் சாயங்காலத்தையும் தினமும் பார்க்கிறவள் நான். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவர்கள் வீடியோவில் மட்டும் அது எப்படித் தெரியாமல் போனது? படித்தவர்கள் சொல்கிறார்கள். நம் கண்தான் பொய்யா?

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் கூழ் வார்த்தல். டில்லி தூக்குவாளியில் கொண்டு வந்தான், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பும். இவர் உள்ளே தூக்கம்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்கோ?"

"மாத்திரை போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதாங்கறாங்க டில்லி."

"போடாட்டியா? அன்னிக்குத்தான் போட்டாரே."

வாளியைக் கையில் வைத்தபடி நின்றேன்.

"வானகரத்தாண்ட நீ மருந்துக்கடைக்குப் போய்ட்டியாம்மா. அண்ணாத்தே பாக்கெட்ல இருந்து எட்த்தாரு. கை ஆடிகினே கீதா, கீய உய்ந்துச்சு. நான்தான் எட்த்து, ஊதி, வாய்ல போட்டு வுட்டேன். தண்ணியும் குட்த்தேன். ஏம்மா, தப்பா?"

தப்பில்லை என்றேன். அவன் மேல் என்ன தப்பு?

முதலில் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அப்படியென்றால் அது வேறு நோய் இல்லை. வேகமாகப் போகிற நோய் இல்லை. புருஷன் திருட்டுத்தனம் செய்தான் என்று கேட்டு அடுப்படியில் நின்று அழுத பெண்டாட்டி இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கோபம் பிறகு வந்தது. இவர் எழுந்தவுடன் கேட்டேன்.

"ஆமா, போட்டேன்."

"எதுக்குங்க?"

"இன்ஸ்பெக்ஷனுக்கு மிஷினைக் குளிர வெச்சா காட்டுவாங்க?"

ஃபேக்டரி வழக்கம் எனக்கும் தெரியும். ராணுவ உடை ஃபேக்டரியின் தையல் பிரிவில் நானும் இருந்தவள்தானே. குளிர்ந்த மிஷின் முனகும். அதனால் பெரிய அதிகாரிகள் சுற்றி வருகிற அன்று விடியுமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். தரையைக் கழுவி, மஞ்சள் கோட்டைப் புதிதாகப் போடுவார்கள். எங்கள் பிரிவில் நன்றாகத் தைக்கிறவர்களை முன் வரிசைக்குக் கொண்டு வருவோம். அது சரிதான். அதற்காக டாக்டரிடமா?

"டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக்கூடாதும்பாங்க."

"நான் பொய் சொல்லல. என்னை யாரும் கேக்கல. நீதான் சொன்ன."

உண்மைதான். அதுதான் இன்னும் எரிச்சல். கூழ் ஆறிப் போயிற்று.

ஜூலை 28, திங்கள்

சின்ன டாக்டருக்குப் போன் செய்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "நல்லவேளை ஆன்ட்டி, சொன்னீங்க" என்றாள். நிறைய பேர் இப்படித்தானாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது நன்றாகத் தெரிய வேண்டும் என்று தலை சீவி, பவுடர் போட்டு, மாத்திரையும் போட்டு வருவார்களாம். புதன்கிழமை மறுபடி செய்யலாம் என்றாள். சரியாக வந்தால் அந்த ஸ்கேனும் வேண்டாம்.

இவர் மாட்டேன் என்றார்.

"அந்தப் பொண்ணு முன்னாடி எச்சில் வழிய உக்காரச் சொல்றியா? அதை வீடியோ வேற எடுப்பாங்க."

"டாக்டருங்க மட்டும்தான் பாப்பாங்களாம்."

"டாக்டருங்க மனுஷங்க இல்லையா?"

என் முன்னால் தினமும் அப்படித்தான் இருக்கிறீர்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும். மாவு அரைக்க வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

தோசையைத் தட்டில் வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். மத்தியானம் லேசான தூறல். துணியை எடுத்தேன், வெயில் வந்தது, மறுபடி போட்டேன்.

துணி போட்டுக்கொண்டே சொன்னேன். இவரைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

"நாளைக்கு உங்களைப் பாக்கறது இன்ஸ்பெக்டர் இல்லங்க. ரிப்பேர் பண்ற ஆளு. ரிப்பேர்காரன்கிட்ட மிஷினைச் சூடாக்கி ஓட்டிக் காட்டினா, எங்க முனகுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

இவர் செய்தித்தாளில் ஏற்கெனவே படித்த பக்கத்தைத் திருப்பினார்.

சாயங்காலம் மாத்திரை டப்பாவைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "நீயே பூட்டி வெச்சுக்க." பிறகு சட்டைப் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினார். ஃபேக்டரி கேட்டில் சோதனை போடும்போது காட்டுவது போல. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஷேவ் வேண்டாம் என்றார்.

ஜூலை 30, புதன்

மேகம் இல்லை. நல்ல வெயில்.

முழுக் கட்டை. டில்லியும் நானும் சேர்ந்தும் முடியவில்லை, எதிர்வீட்டுப் பையனையும் கூப்பிட வேண்டியிருந்தது. வானகரத்தில் நான் இறங்கவில்லை. "அண்ணாத்தே, இன்னிக்கு ஒண்ணியும் கீய உயல" என்றான் டில்லி. இவர் தொண்டையில் ஒரு சத்தம். சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

பரிசோதனை அறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. தரையைப் பார்த்தபடி நின்றார். பின்னால் ஒரு வீல்சேர் வழிக்காகக் காத்திருந்தது. சின்ன டாக்டர் தரையில் குறுக்கே தன் காலை வைத்து, "இதைத் தாண்டி வாங்க அங்கிள்" என்றாள். தாண்டினார். இந்த வித்தை எனக்குத் தெரியாமல் போயிற்றே. நாளையிலிருந்து பாத்ரூம் வாசலில்.

விரல் தட்டச் சொன்னாள். இரண்டு விரலும் ஒன்றையொன்று தேடின, சந்திக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முயன்று விழுந்தார், மறுபடி முயன்று விழுந்தார். எச்சில் வழிந்தது. துண்டோடு எழுந்தேன். கண்ணாலேயே வேண்டாம் என்றார். உட்கார்ந்துவிட்டேன். அறையில் காமிரா ஓடும் சத்தம்கூட இல்லை.

பிறகு மாத்திரை. காத்திருந்தோம். பிளாஸ்கில் இருந்த கஞ்சியை நான் குடித்தேன், இவர் எதுவும் சாப்பிடக்கூடாதாம். முதலில் கால் கட்டைவிரல் அசைந்தது. அப்புறம் தோள் இறங்கியது. அப்புறம், "விசிறியைக் குறைக்கச் சொல்லு சரோ." எழுந்தார். வராந்தா கடைசி வரை நடந்தார், கை வீசி. டாக்டர் பின்னாலேயே போக வேண்டியிருந்தது.

வித்தியாசம் தாராளமாக இருக்கிறது என்றாள். சாதாரண நடுக்குவாதமேதான். பெயர் மறுபடி சேர்ந்துவிட்டது. இன்னும் சில பரிசோதனைகள், மனசு பற்றி, ஞாபகம் பற்றி. ஆபரேஷன் எப்போது என்று பெரிய டாக்டர்கள் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் முழுப் பலன் கிடைக்கும் என்று இல்லை என்பதையும் சொன்னாள். சொல்லட்டும்.

கிளம்பும்போது இவர் கேட்டார். "இன்னிக்கு எடுத்த முதல் வீடியோவை நான் பாக்கலாமாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

கணினியைத் திருப்பி வைத்தாள். வாய் திறந்து, கண் இமைக்காமல், நாற்காலியிலிருந்து எழ முயன்று எழ முடியாத ஒரு ஆள். இவர் முன்னால் சாய்ந்து கடைசி வரை பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவர் அந்த ஆளைப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் யார் கண்ணாடி காட்டப் போகிறார்கள்?

"இந்த ஆளையா சரோ தினமும் காலைல எழுப்புற?"

"ஆமா."

பிறகு எழுந்து, கான்டீன் எந்தப் பக்கம் என்று டாக்டரிடம் கேட்டார். நானும் எழுந்தேன்.

"நீ உக்காரு."

வர நேரமாயிற்று. கையில் ஒரே ஒரு காபி. டம்ளரில் பாதி, சட்டையில் மீதி. நல்ல வெள்ளைச் சட்டை. ஊற வைத்திருக்கிறேன்.