மலையேறப் பூக் கேட்டோம்

நங்கையா, இன்று காலை கண் விழித்ததும் வீடெல்லாம் பலாப்பழ வாசனை. நேற்றுச் சந்தையில் மலைக்காரப் பெண் ஒருத்தியிடம் வாங்கிய பழம், ராத்திரியோடு பழுத்துவிட்டது. கொல்லிமலைப் பலாவுக்கென்று ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் தேனும் கொஞ்சம் மழைமண்ணும் கலந்தாற்போல. கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தை, "மலையே ஊட்டுக்குள்ள வந்துட்டாப்பல இருக்குது" என்றார். சொன்னவர் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார். உங்கள் தாயார் இப்போது எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் கடைசியில் நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள்.

அந்த மலையைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். பிறந்தது நாமக்கல்; உங்களைக் கட்டிக்கொடுத்ததும் நாமக்கல்லில் அடுத்த தெருதான். காலையில் சாணம் தெளிக்க வாசலுக்கு வந்தால் கிழக்கே நீலமாக அது நிற்கும். "தெனமும் மூஞ்சியில முழிக்கறோம், ஒருநா அது ஊட்டுக்குப் போயிப் பாக்க வேண்டாமா?" என்பீர்கள், மலை ஏதோ சம்பந்தி வீடு மாதிரி.

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், விஷக்காய்ச்சலில் கிடந்தபோதுதான் அந்த ஆசை வேண்டுதலாயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வேண்டினீர்கள்: அவர் எழுந்து உட்கார்ந்தால் நாம் இருவரும் கொல்லிமலை ஏறி, அருவியில் தலை நனைத்து, அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, அங்கே ஆற்று மீன்களுக்குப் பொரி போடுவது என்று. அவர் எழுந்து உட்கார்ந்தார். கஞ்சியில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தைக் கேட்டு நீங்கள் அடுப்படியில் நின்று அழுதீர்கள்.

அதன்பின் நமக்கு வேறு பேச்சே இல்லை. சேந்தமங்கலம் வரைக்கும் கரிப்புகை விட்டுக்கொண்டு போகும் பஸ்ஸை நம்புவதா, மாட்டு வண்டி கட்டுவதா? பொட்டலக் காகிதங்களைப் படித்தே எழுத்துக் கற்றவள் நான். பென்சில் கையில் கிடைத்தால் விடமாட்டேன். புளிச்சோறு எத்தனை வேளை தாங்கும், சுக்கு எவ்வளவு, மாற்றுச்சேலை எத்தனை என்று எழுதிக்கொண்டே இருந்தேன். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏங்கண்ணு, மலைக்குப் போறமா, மலையில குடித்தனம் வெக்கப் போறமா?"

கால் பழக வேண்டுமென்று சனிக்கிழமைதோறும் நம்மூர்க் கோட்டைப் பாறையில் ஏறினோம். உச்சியில் பெருமாள். தெருவே நம்மைப் பெரிய பக்தைகள் என்று மெச்சியது. பெருமாளுக்கு மட்டும் உண்மை தெரியும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நீங்களோ பாதிப் பாறையில் மூச்சு வாங்க உட்கார்ந்து, "சாமிக எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்கதான், கோவிச்சுக்க மாட்டாங்க, வா" என்றீர்கள்.

அத்தைதான் சம்மதிக்கவில்லை. "மலைக்காச்சல்ல போய்ச் சேந்தவங்களை இந்தக் கண்ணால பாத்திருக்கறேன். அவனே போயிப் பொரி போட்டுட்டு வரட்டும்."

"நேந்துக்கிட்டது நாங்கம்மா. நாங்கதான் போவோணும்."

"அப்ப மாரியாத்தா கோயில்ல பூக் கேப்போம். அவ சொன்னாப் போங்க."

பூசாரி சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டார். கும்பிட வந்திருந்த ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

"போலாம்!" என்றீர்கள் நீங்கள். "போவக்கூடாது" என்றார் அத்தை, அதே மூச்சில்.

நம் ஊரில் வெள்ளை வந்தால் உத்தரவு. அத்தை பிறந்த கெங்கவல்லியில் சிவப்புதான் உத்தரவாம். எது வந்தால் போவது என்பதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பூக் கேட்க வேண்டும். நம் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"ஏம்மா, இத்தன வருசமா இந்த ஊருத் தண்ணியக் குடிக்கறீங்க, பூ மட்டும் இன்னும் கெங்கவல்லிப் பூவா?"

"தண்ணிதான்டி இந்த ஊருது. பக்தி என்ற பொறந்த ஊட்டுது!"

பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரே காரியத்துக்கு மறுக்காக் கேக்கப்படாதுங்க. அடுத்த ஆடிக்குப் பாக்கலாமுங்க" என்று திருநீறு கொடுத்து அனுப்பினார். வழியெல்லாம் நீங்களும் அத்தையும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுப்படி ஏறும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அத்தைக்கும்தான்.

தை மாதத்தில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மலைக்குப் போகாமலேயே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. "காச்சலுக்குப் பயந்து புள்ளைய மலைக்கு உடல. அது ஊடு தேடி வந்துருச்சு" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நேர்ந்துகொண்டது இருவர். ஒருத்தி போனால் வேண்டுதல் தீருமா? மறுபடி கேட்டு, வேண்டாத பூ வந்துவிட்டால்? இந்தப் பயத்தை விளக்கேற்றும்போதெல்லாம் ஆண்டவனிடம் சொல்லிவந்தேன், அத்தையிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்று பலாச்சுளைகளைத் தட்டில் வைத்து நீட்டியபடி கேட்டேவிட்டேன்.

"ஆடி வருதுங்க அத்தை. பூக் கேக்கலாமுங்களா?"

அத்தை தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "எதுக்கு? போன வருசமே வெள்ளை வந்துதல்ல?"

"உங்க ஊர்ல செவப்புத்தானுங்களே உத்தரவு?"

"கேட்டது அவ. அவ ஊரு வழக்கந்தான் செல்லும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு டோலி தூக்கறவங்களுக்குச் சொல்லி உடு. அவ பங்குப் பொரிய நான் போடறேன்."

மலைக்காய்ச்சலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சுக்கையும் மிளகையும் மட்டும் கூடுதலாக எழுதிக்கொண்டேன்.

நங்கையா, எதைத் தொடங்கினாலும் ஆகுமா ஆகாதா என்று தயங்குகிற சுபாவம் என்னுடையது. "போறமான்னு கேக்காத கண்ணு, என்னைக்கின்னு கேளு" என்பீர்கள். மத்தியானம், நான் சொல்லியனுப்பியிருந்த வண்டிக்காரர் வாசலில் நின்று, "பெரியம்மாளுமா? மெய்யாலுமே மலைக்குப் போறீங்களா?" என்று இழுத்தார்.

"புதங்கிழமை நேரமே வண்டியப் பூட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

பேசியது என் குரல்தான். ஆனாலும் உள்ளே அத்தை சட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.