மெதுவாக வளர்கிற செடி

காலையில் ஈரத்துணியால் ஸ்னேக் பிளான்ட்டைத் துடைத்தேன். துணி கரியாகிவிட்டது. எண்ணூர்க் காற்றுக்கு ஜன்னல் சாத்தியிருந்தாலும் ஒன்றுதான், திறந்திருந்தாலும் ஒன்றுதான். இந்தக் கறுப்புதானே உன் நெஞ்சுக்குள்ளும் போய் உட்கார்ந்தது என்று நினைத்ததும், துணியை அலசாமல் வாளியில் வீசிவிட்டு உன் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிரைலர் லாரி ஓட்டுவதை விட்டு, மூச்சுக்கு மெஷின் வைத்துக்கொண்டு நீ இந்தக் கட்டிலோடு கிடந்த நாட்கள். "செவுத்தயே பாத்துகினு இர்ந்தா பேஜாரா கீதுமே. பச்சையா எதுனா வாங்கி வையி" என்றாய். தெருவில் செடி வண்டி வந்ததும் நிறுத்தி, இரண்டு தொட்டிகளைத் தூக்கி வந்து உன் கண்ணெதிரே வைத்தேன். ஒன்று மணி பிளான்ட், இன்னொன்று இந்த ஸ்னேக் பிளான்ட். அறையில் ஒன்றுக்குத்தான் இடம்.

வண்டிக்காரன் வாசலில் நின்றபடியே சொன்னான்: "மணி பிளாண்டு வாராவாரம் எல வுடும்மா. அது ஸ்லோ. ஒரு குருத்து வர்றதுக்கே மாசக்கணக்கா ஆவும். ஆனா சாவாது."

"அப்போ மணி பிளாண்டே குடுப்பா" என்று முந்திக்கொண்டேன். "மாசக்கணக்கா யாரு காத்துகினு கெடக்கறது?"

சொல்லி முடிப்பதற்குள் உன் முகம் மாறியதைப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். போயும் போயும் ஒரு செடி வாங்கப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"டாக்டரு உன்னாண்ட இன்னா சொன்னாரு?" என்று கேட்டாய்.

"ஒண்ணும் சொல்லலய்யா."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அந்த ஸ்லோவானதயே வச்சிட்டுப் போ நைனா. நான் இர்ந்து பாத்துக்கறேன்" என்றாய். வீம்புக்காரன். வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது க்ளீனர் பேச்சைக்கூடக் கேட்காதவன், டாக்டர் பேச்சையா கேட்கப்போகிறாய்?

அதன் பிறகு டாக்டரைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. கண் விழித்ததும் "குருத்து வந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. தொட்டியைத் தூக்கி வந்து காட்டுவேன். "வரும் வரும்" என்பாய், என்னவோ நான்தான் கேட்டதுபோல. வரவில்லை. உன்னை எடுத்துப்போன அன்று கூட்டத்தில் யாரோ தொட்டியை பாத்ரூம் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள்.

அது இன்று குருத்து விட்டிருக்கிறது. மண்ணைத் தள்ளிக்கொண்டு விரல் உயரம். நல்ல சகுனம் என்கிறாள் மருமகள். எனக்கு அதைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. கை வரவில்லை. யோவ், இதை நான் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்?

எதைத் தொட்டாலும் நீ இருக்கும்போதே இது முடியுமா என்று அடித்துக்கொண்ட மனசு இன்னும் நிற்கவில்லை. உலை வைத்தால் அடுப்பைக் கூட்டிவிடுகிறேன். பஸ்ஸுக்கு ஓடுகிறேன். ஓடி வந்து கதவைத் திறந்தபிறகுதான், இனி எனக்கு எதற்கும் அவசரமில்லை என்பது புரிகிறது.