மாப்பிள்ளையின் கை

மந்தைவெளி,
மாசி, 1948

தங்களுக்கு நமஸ்காரம்.

தம்பியின் காரியங்கள் முடிந்தன. ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுக்க உங்களோடு நின்ற நர்ஸ் துக்கம் கேட்க வந்திருந்தாள். மார்பைத் திறந்தபின் அவனுக்கு மூச்சு கொடுத்தது உங்கள் கையிலிருந்த ரப்பர் பைதானாம். "மெதுவா அமுக்குங்கோ" என்று சர்ஜன் சொல்லியும், பார்க்க வந்த டாக்டர்களுக்கு நுரையீரல் எழும்புவதைக் காட்ட நீங்கள் ஓங்கி அமுக்கினீர்களாம். நுரையீரலே கிழிந்துவிட்டதாம்.

இருதயம் பலவீனம் என்றல்லவா எங்களிடம் சொன்னீர்கள்?

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு இழுப்பு அதிகம். "மாப்பிள்ளைய வரச் சொல்லும்மா. குழந்தைக்குக் கடைசிவரைக்கும் மூச்சு கொடுத்த கை அது" என்கிறார்.

வாருங்கள். அந்தக் கையைப் பிடித்து அவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இழுத்துக்கொள்ளாதீர்கள். நான் எதிரிலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி