வெளியே பூட்டிய கதவு

மார்ச் 4

என் அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வர முடியாத தீர்ப்பு நாளில் ஆறு மாதச் சிறை போட்டுவிட்டார்கள். குழந்தையை ஆபத்தில் விட்ட குற்றமாம். "கதவை வெளியே பூட்டியது யார்?" என்று நீதிபதி கேட்டார். நான்தான் என்றேன்.

"தெருமுனைக்கு வந்துட்டேன், நீ பூட்டிட்டு வேலைக்குக் கிளம்பு" என்று அன்று நீங்கள் போனில் சொன்னதைச் சொன்னால் தண்டனை குறையும் என்று வக்கீலம்மா கெஞ்சினார். சொன்னால் வழக்கு உங்கள்மேலும் பாயும், குட்டி காப்பகத்துக்குப் போவாள். நீங்கள் அப்போது பேக்கரியிலேயே இருந்தது நம் இருவரோடு போகட்டும். இங்கே கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள், அதனால் இதை வக்கீலம்மா கையில்தான் அனுப்புகிறேன், பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

குட்டியை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். அன்று தீ திரைச்சீலையோடு போனது நம் நல்ல காலம்.

உங்கள் அன்பு மனைவி

மார்ச் 19

அன்புள்ள குட்டியம்மாவுக்கு,

உனக்கு நான் எப்படிக் கைம்மாறு செய்வேன்? தீயணைப்புக்காரர்கள் உடைத்த கதவை மாற்றிவிட்டேன். குட்டி நலம். நான் பின்னும் ஜடை கோணலாம், "அம்மா வந்து பிரிச்சுப் போடட்டும்" என்கிறாள். பேக்கரியில் இப்போது விடியற்காலை வேலை.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

கதவு, ஜடை எல்லாம் எழுதினீர்கள், சந்தோஷம். விடியற்காலையில் குட்டியோடு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் எழுதவில்லையே?

உங்கள் அன்பு மனைவி

ஏப்ரல் 8

அன்புள்ள குட்டியம்மாவுக்கு,

கோபப்படாதே. அவள் தூங்குகிற நேரம்தானே? சமையல் கேஸை மூடிவிட்டுத்தான் போகிறேன். புதுப் பூட்டு, வெளியே நன்றாகப் பிடிக்கிறது. யாரிடமும் மூச்சு விடாதே.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 15

குட்டியின் அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். இங்கே எங்கள் நலன் பார்க்கும் அதிகாரியிடம் நேற்றே சொன்னேன், அந்தத் தெருமுனைப் போனையும் சேர்த்து. குட்டியை உங்கள் அக்கா வீட்டில் விடக் கேட்டிருக்கிறேன், அவரும் சம்மதித்துவிட்டார். உங்கள்மேல் வழக்கு வரும். வக்கீலம்மாவையே வைத்துக்கொள்ளுங்கள், நல்ல மனுஷி.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். சூடு பட்டது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. கோபம் இல்லை. இனி உங்களோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

புகைக்குள்ளிருந்து குட்டி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள் என்று அந்தத் தீயணைப்புக்காரர் சாட்சி சொன்னாரே, நீங்களும் கோர்ட்டில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது விடியற்காலையில் பூட்டும்போது அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கவே இல்லையா?

குட்டியின் அம்மா