இரண்டு கையாலும் கொடுப்பது

1983 ஜூன் 13, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். இதற்கு மேல் இன்று முடியாது.

ஜூன் 14, செவ்வாய்

நேற்றைய வரியை என் வீட்டுக்காரி நேசம்மாள் பார்த்துவிட்டாள். "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை எழுதினாப்புல இருக்கு. பக்கத்துல ஒரு ஆட்டுக்குட்டியும் வரைஞ்சிருக்கலாம்" என்றாள். இருபத்தேழு வருஷம் நிருபர் வேலை பார்த்த கை இது என்று சொல்ல வாயெடுத்தேன். இது அந்தக் கை இல்லையே.

ஜூன் 20, திங்கள்

எழுத்து கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஏப்ரலில் ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீசில் வறட்சி பற்றிக் கூட்டம். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பேனா நழுவியது. எடுக்கக் குனிந்தேன், நானும் விழுந்தேன். பக்கவாதம், வலது பக்கம். பேச்சும் காலும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டன. கை வரவில்லை. செய்தியை எழுதிக் கவரில் போட்டு, பத்திரிகை ஆபீசில் சேர்க்கச் சொல்லி, சாயங்கால மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவது என் வழக்கம். இப்போது நான் சொல்ல நேசம்மாள் எழுதுகிறாள். பஸ் ஸ்டாண்டுக்கும் அவளே போகிறாள். விபத்துச் செய்தி என்றால் நான் சொல்லாமலே 'பரிதாபம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுகிறாள்.

இந்த நாட்குறிப்பை எழுதச் சொன்னவர் எங்கள் கோவில்பட்டி மிஷன் ஆஸ்பத்திரி எஸ்தர்ராணி. முப்பத்துநாலு வயது. அவர் வேலைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். கை கால் விழுந்தவர்கள் சாப்பிட, உடுத்த, பார்த்த வேலைக்குத் திரும்ப, அந்தந்த வேலையைச் செய்ய வைத்தே பழக்குகிற வைத்தியம். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. ஆகவே ஊரில் பாதிப் பேர் இதை வைத்தியம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

எஸ்தர்ராணி இதில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். நம் பக்கத்தில் இதற்கென்று துறை இல்லாததால் மனோதத்துவத் துறையில் பதிந்திருக்கிறார். பக்கவாதம் வந்த கரிசல்காட்டு ஜனங்கள் தங்கள் வேலைக்கு எப்படித் திரும்புகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. அதில் நானும் ஒரு ஆள்.

"செய்தியாப் போட்டுருவோமா?" என்றேன்.

"பட்டம் வாங்கின பெறகு போடுங்க அண்ணாச்சி. இப்பம் போட்டா அது செய்தி இல்ல, ஆசீர்வாதம்" என்றார்.

என் பத்திரிகை ஆசிரியர்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஜூலை 2, சனி

இன்று சோதனை நாள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி ஒன்றைத் திறந்தார் எஸ்தர்ராணி. மரக்கட்டைகள், பித்தான் தைத்த துணி, ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி. எனக்கு முன்னால் வெயிலம்மாள் என்ற இடைசெவல் கிராமத்துச் சம்சாரி வீட்டு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். பொங்கல் முடிந்து பருத்தி எடுக்கும்போது கை விழுந்ததாம். முள்கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு தாயி?"

"சாப்பிடுறதுக்கு யக்கா."

"சோத்தக் குத்தியா திங்கணும்? அது என்ன பாவஞ் செஞ்சது?"

கடைசிச் சோதனை: விழுந்த கையால் ஒரு கட்டையை எடுத்து எஸ்தர்ராணியிடம் நீட்ட வேண்டும். ஐந்து எண்ணும்வரை கை இறங்கக் கூடாது. வெயிலம்மாள் தன் வலது கையை இடது கையால் தாங்கித் தூக்கி, இரண்டு கையாலும் கொடுத்தார். மற்றக் கை துணைக்கு வந்தால் மார்க் கிடையாது என்கிறது புத்தகம். பூஜ்யம்.

நானும் அப்படியே கொடுத்தேன். எனக்கும் பூஜ்யம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் வாங்கியதற்குப் பிறகு இப்போதுதான்.

ஆகஸ்ட் 18, வியாழன்

எங்கள் தெருப் பூவனநாதன் கடையில் உளுந்து வாங்கிக்கொண்டு ரூபாயை இடது கையால் நீட்டினேன். அப்போதுதான் கடையில் விளக்குப் போட்டிருந்தார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. விளக்கு வைக்கிற நேரம்... அந்தக் கையாலயா தாரீய?"

"மத்தது வேலை நிறுத்தம்லா பண்ணுது."

"சும்மா பேருக்குத் தொட்டுக் குடுங்க."

நோட்டை வலது கை விரல்களுக்கிடையில் செருகி, அந்தக் கையை இடது கையால் தூக்கி நீட்டினேன். மனிதர் பதறிப்போய்த் தானும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார். கடைக்காரர் ஒருவர் அவ்வளவு மரியாதையாக ரூபாய் வாங்கி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 27, செவ்வாய்

எஸ்தர்ராணிக்கு வழிகாட்டியான பேராசிரியர் மதுரையிலிருந்து வந்திருந்தார். நான் பெஞ்சில் காத்திருந்தேன். கதவு திறந்திருந்தது, ஒட்டுக் கேட்கவில்லை, கேட்டது.

எல்லாருக்கும் பூஜ்யம் என்றால் அது ஆராய்ச்சியே இல்லையாம். இடது கைக்குப் பழக்கிக் கொடுத்ததை வீட்டில் ஒருவரும் செய்வதில்லை, இவர்களை வைத்து எதை நிரூபிப்பது என்றார். வேறு தலைப்புப் பார்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பதிவு அடுத்த வருஷம் டிசம்பரோடு முடிகிறது. மூன்று வருஷ உழைப்பு.

அவர் போனதும் உள்ளே போனேன். எஸ்தர்ராணி கட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "உங்க கைய நீட்டுங்க அண்ணாச்சி, விரலுக்குப் பயிற்சி பாக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

என்ன மனுசன்யா அவரு! ஒரு மணி நேரம் உக்காந்து ஒரு நோயாளி மூஞ்சியையாவது பாத்தாரா? நான் அங்கனதான இருக்கேன், பெஞ்சில, மலை மாதிரி! — சரி. இது செய்தியில் வராது. ஆனால் எல்லாருக்கும் பூஜ்யம் என்று அவர் சொன்னது உண்மை. அதையும் எழுத வேண்டும்.

அக்டோபர் 26, புதன்

மழை. கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டது. ஒரு கையால் பிடுங்க முடியாமல் வெறுங்காலோடு ஆஸ்பத்திரி போனேன்.

நவம்பர் 5, சனி

இரண்டு வாரமாக வெயிலம்மாள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. எஸ்தர்ராணி இடைசெவலுக்கே கிளம்பிவிட்டார். ஒரே பஸ்ஸில் நானும் போனேன். அந்த ஊரில் எனக்கு வேலை இருந்தது என்று நேசம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். வேலை இல்லை.

மழைக்குப் பின் பருத்தி முளைத்து, காடெல்லாம் இரண்டு இலை. வெயிலம்மாளும் அவர் வீட்டுக்காரர் ராமசுப்புவும் முற்றத்தில் இருந்தார்கள். எஸ்தர்ராணி கோபமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏன் யக்கா வரல? இடது கையாலதான் சாப்பிடுறீங்களா?"

"அது மட்டும் கேக்காத தாயி. அந்தக் கையால திங்கதுக்குப் பட்டினி கெடந்துருவேன். இவுக ஊட்டி விடுதாக."

ராமசுப்பு வெட்கப்பட்டுக்கொண்டு தொழுவுக்குப் போய்விட்டார்.

எஸ்தர்ராணி சோர்ந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தார். வெயிலம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தார். வலது கை டம்ளரைச் சுற்றியிருந்தது; இடது கை அந்த மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கியிருந்தது. நீட்டினார். எஸ்தர்ராணி வாங்கவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயிலம்மாள் முகம் மாறியது. "ஏன் தாயி, எங்க வீட்டு மோரு ஒங்களுக்கு ஆகாதா?"

"ஆகும் யக்கா. கொஞ்சம் அப்படியே பிடிங்க."

"என்னது?"

"அப்படியே பிடிங்க. இறக்காதீங்க."

தொழுவிலிருந்து ராமசுப்பு என்னைப் பார்த்தார். இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்று அவர் கண் கேட்டது. எனக்கும் தெரியவில்லை. ஏழு எண்ணும் நேரம் கழித்து எஸ்தர்ராணி டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். அதையும் உடனே வாங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் குரலே வேறாக இருந்தது. "வலது கை விழுந்தா இடது கையப் பழக்குன்னு புஸ்தகம் சொல்லுது அண்ணாச்சி. இங்க யாரும் இடது கையால ஒரு சாமான் குடுக்க மாட்டாங்க. அதனால விழுந்த கையத் தூக்கிக்கிட்டே வாராங்க. மோர் குடுக்க, வெத்தல குடுக்க, பக்கத்து வீட்டுக்குக் கொழம்பு குடுக்க. நான் சொல்லிக் குடுக்காத பயிற்சி. அதுக்குத்தான் பூஜ்யம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

பூவனநாதன் கடைச் சங்கதியைச் சொன்னேன். எந்த விரலில் நோட்டு இருந்தது, கை எவ்வளவு உயரம் வந்தது என்று கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரும்வரை விசாரித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இப்படிப் பேட்டி கண்டதில்லை.

1984 பிப்ரவரி 21, செவ்வாய்

இடைசெவலில் கண்டதை எஸ்தர்ராணி எழுதி அனுப்ப, பேராசிரியர் பதில் எழுதியிருக்கிறார்: 'விருந்தாளிக்கு மோர் கொடுப்பது ஒரு சோதனையா?' அதற்குக் கீழே இன்னொரு வரி: 'அளந்து காட்டுங்கள்.'

இரண்டாவது வரியை மட்டும் எஸ்தர்ராணி சுவரில் ஒட்டியிருக்கிறார்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

எஸ்தர்ராணி வீடு வீடாகப் போகிறார். கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம், இரண்டு கையாலும் கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம். மாதாமாதம் இரண்டு பக்கத்தையும் அளக்கிறார். இதற்கென்று சொந்தமாக ஒரு அளவுகோல் செய்திருக்கிறார். பத்து எண்ணும்வரை இரண்டு கையும் இறங்காமல் கொடுத்தால் முழு மார்க்.

கொடுக்கிறதையெல்லாம் வாங்கிக் குடித்தாக வேண்டுமே. நேற்று மட்டும் ஆறு காப்பி, இரண்டு பானகம், ஒரு கம்பங்கூழ். "பட்டம் கெடைக்குமோ என்னமோ, வயித்துவலி கெடச்சிட்டு" என்றார். சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அவருக்கு இனி வெந்நீர்தான். அதையும் நான்தான் கொடுக்கிறேன். இரண்டு கையாலும்.

டிசம்பர் 14, வெள்ளி

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். பதிவு முடிய இன்னும் நாள் இருக்கிறது. பேராசிரியர் ஒரு கமாவைக்கூடத் திருத்தவில்லையாம். எனக்குப் பொறாமை.

1985 ஜூன் 21, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வடக்கேயிருந்து பரிசோதகர் வந்தார். தமிழ் தெரியாது. ஏட்டைப் படித்துவிட்டாராம், ஆளைப் பார்க்காமல் ஒப்பமாட்டேன் என்று கோவில்பட்டிக்கே வந்துவிட்டார். இருவரைத் தேர்ந்தெடுத்தார்: வெயிலம்மாள், அப்புறம் நான். சோதனை நடக்கும்போது எஸ்தர்ராணி எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது நிபந்தனை.

முதலில் வெளிநாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். வெயிலம்மாள் கட்டையைத் தனியாக நீட்டப் பார்த்தார். கை நடுங்கி இறங்கிவிட்டது. பூஜ்யம். பழைய பூஜ்யமேதான். எஸ்தர்ராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து மோர். வெயிலம்மாள் டம்ளரை வழக்கம்போல் இரண்டு கையாலும் கொண்டுவந்து நீட்டினார். பரிசோதகர் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் இடது கையை நீட்டினார்.

வெயிலம்மாள் கொடுக்கவில்லை.

பரிசோதகர் விரல்களை ஆட்டினார், கொடு என்று. கொடுக்கவில்லை. கூட வந்திருந்த மதுரைப் பேராசிரியர் இருமினார். எஸ்தர்ராணி வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஏன் தாயி, அய்யாவுக்கு வலது கை வெளங்காதா?" என்றார் வெயிலம்மாள். குரலில் இரக்கம் வந்துவிட்டது. "பாவம், இவுகளும் நம்ம கூட்டந்தானா? எப்ப விழுந்ததாம்?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதற்குள் வெயிலம்மாளே எட்டிப் பார்த்துவிட்டார். "இல்லையே, பேனா ஓடுதே! அய்யா, அந்தக் கைய நீட்டுங்கய்யா. இது இல்ல. அந்தக் கைய!"

பரிசோதகர் கையைச் சுட்டிக்காட்ட, தாங்கியிருந்த தன் இடது கையை எடுத்துவிட்டார் வெயிலம்மாள். டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது.

வலது கை மட்டும். நெஞ்சு உயரத்தில். ஒரு சொட்டுத் தளும்பவில்லை. அது வெயிலம்மாளுக்குத் தெரியவில்லை. அறையில் மற்ற எல்லாருக்கும் தெரிந்தது. பரிசோதகர் நிமிர்ந்தார். பேனாவை மெதுவாக வைத்தார். டம்ளரை வாங்கத் தோன்றவில்லை அவருக்கு. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாங்குங்கய்யா, கை வலிக்கில்லா" என்றார் வெயிலம்மாள்.

பரிசோதகர் வலது கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, இடது கையையும் சேர்த்து வாங்கினார். அடிவரை குடித்தார்.

"உங்கள் அளவுகோலில் இதற்கு எத்தனை மார்க்?" என்று எஸ்தர்ராணியை ஆங்கிலத்தில் கேட்டார்.

"அதில் இதற்கு இடம் இல்லை. இரண்டு கையால் பத்து எண்ணும்வரைதான் நான் யோசித்திருந்தேன்."

எழுதிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன். நீங்கள் வேண்டாம், போதும் என்றார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனது வீண்.

ஜூலை 10, புதன்

காலையில் எஸ்தர்ராணி கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். பட்டம் கிடைத்துவிட்டது. நேசம்மாள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே மிட்டாயும் தின்றாள். பூவனநாதன் கடையை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

"இனி ஊசி போடுவியளாம்மா?"

"போடமாட்டேன் அண்ணாச்சி."

"மாத்திரை?"

"அதுவும் இல்ல."

"அப்பம் என்னத்துக்கு டாக்டரு?"

"குடுக்கிறதக் குடிக்கிற டாக்டர்" என்றார் எஸ்தர்ராணி. உடனே பூவனநாதன் கடைப் பையனை அனுப்பிக் கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு கையாலும்.

"அண்ணாச்சி, இப்பம் போடலாம்" என்றார் எஸ்தர்ராணி என்னிடம்.

ஐந்து வரி. நானே எழுதினேன், இடது கையால். கடைசியில் 'அனைவரும் மகிழ்ந்தனர்' என்று சேர்க்கச் சொல்லி நேசம்மாள் மன்றாடினாள். சேர்க்கவில்லை. பிறகு சேர்த்தேன். உண்மைதானே.

வெகுநாளைக்குப் பிறகு நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வழியில் மண்ணெண்ணெய் வாங்க வேண்டியிருந்தது. கடையில் கூட்டம், நேரமாகிவிட்டது. மதுரை பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஓடினேன். கண்டக்டர் படியில் நின்று கையை நீட்டினார். கவரைக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்க நின்றேன். "அண்ணாச்சி, சொகமா?" என்று கத்திக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் டின்னை அடுப்படியில் வைத்தேன். கைப்பிடி அழுந்திய தடம் இடது உள்ளங்கையில் சிவப்பாக இருந்தது. டின்னைக் கடையிலிருந்து வீடுவரை எங்கேயும் நான் கீழே வைக்கவில்லை.

நேசம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. கவரைக் கொடுத்தது எந்தக் கை என்று நாளை கண்டக்டரிடம் விசாரித்து ஊர்ஜிதம் செய்துகொள்ள வேண்டும்.